செஞ்சுருவோம் பாய்

என் தண்ணீர் கம்பெனியில் ஆறு வருடம் மெஷின் ரூம் பார்த்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் காதில் விழுவது அவருடைய அந்த ஒரு பேச்சுதான். எதைக் கேட்டாலும் "செஞ்சுருவோம் பாய்." கல்யாண வீட்டுக்கு நூறு கேன் போக வேண்டிய காலையில் மோட்டார் எரிந்துபோய் நான் தலையில் கை வைத்து நின்றால், "செஞ்சுருவோம் பாய்." ஸ்கூலில் இருந்து என் மகளைக் கூட்டி வர ஆளில்லை என்றால், "செஞ்சுருவோம் பாய்." ஒருமுறை எரிச்சலில், "அண்ணே, இந்த உச்சிப்புளி ரோட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கணும்" என்று சொல்லிப் பார்த்தேன். ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாயங்காலம் வண்டி கொறையும்ல பாய், அப்பச் செஞ்சுருவோம்" என்றார். சிரிக்கவே இல்லை. கேலி செய்தது அவரா நானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கமுதிக்கு அந்தப் பக்கம் மிளகாய்க் காட்டில் இருந்து பிழைப்புக்கு ராமநாதபுரம் வந்தவர். நான் கடற்கரை ஊர்க்காரன். பதினோரு வருடம் வளைகுடாவில் குடோன் வேலை பார்த்துவிட்டு, இனி எவனுக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று ஊருக்கு வந்து, கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்தத் தண்ணீர் கம்பெனியை ஆரம்பித்தேன். போர்வெல்லில் வரும் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை மெஷினில் ஏற்றிச் சுத்தம் செய்து, இருபது லிட்டர் கேனில் அடைத்து, கடைக்கும் வீட்டுக்கும் லாட்ஜுக்கும் போடுவோம். உப்பு எவ்வளவு என்று காட்ட மீட்டர் இருந்தது. ஆனால் நாங்கள் நம்பியது அவர் நாக்கைத்தான். காலையில் முதல் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "இன்னைக்கு லேசா ஏறியிருக்கு பாய். கழுவி விட்டுத்தான் ஓட்டணும்." மீட்டரைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பிறகு அந்த டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

முடியாது என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு நிக்காஹ் வீடு, அதே பதினோரு மணிக்கு ஒரு துக்க வீடு. இரண்டு பேரிடமும் போனில் ஒத்துக்கொண்டவர் இவர். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு குட்டியானை லோடு வண்டி. அதை நிக்காஹ் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துக்க வீட்டுக்குத் தன் பழைய மொபெட்டிலேயே இரண்டிரண்டு கேனாகக் கட்டிக்கொண்டு போய்ப் போய் வந்தார். மத்தியானம் வேர்த்து வழிய வந்து நின்றவரைப் பிடித்துத் திட்டினேன்.

"ஏண்ணே, ஒரு எடத்துல முடியாதுன்னு சொன்னா நாக்கா சுட்டுரும்?"

சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தன் வாயத் தொறந்து கேக்குறதே பெரிய விசயம் பாய். இல்லன்னு சொன்னா அவன் மூஞ்சி ஒரு மாதிரி சுருங்கிரும். அத என்னால பாக்க முடியல."

"போன்ல மூஞ்சி எங்கண்ணே தெரியுது?"

"எனக்குத் தெரியுதே பாய்."

நோய் முதலில் காலில்தான் தெரிந்தது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும். "நின்னு நின்னு வீங்குது பாய்" என்பார். பிறகு காலையில் வரும்போது முகமும் உப்பியிருந்தது. குட்டியானை ஓட்டும் சேது, "அண்ணனுக்கு வீட்டுச் சாப்பாடு நல்லா ஒட்டுது போல, சதை போட்டுட்டாரு" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். அவரும் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒரு வாரம் லீவில் போய்விட்டு வந்தவர், என் அறை வாசலில் நின்று சொன்னது இதுதான். "செவ்வா, வெள்ளி தவிர மத்த எல்லா நாளும் வந்துருவேன் பாய்." வர முடியாது என்பதைக்கூட வருவேன் என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பதினொன்றில் இருந்து மூன்று வரை அவருடைய நேரம். உயிர் இருக்கும் வரை அப்படித்தான்.

வளைகுடாவில் மஞ்சள் காமாலையோடு என்னை நிற்க வைத்து வேலை வாங்கினான் ஒரு மேனேஜர். கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே லாரியில் லோடு ஏற்றச் சொன்னான். நான் முதலாளியானால் இப்படி இருக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்திருந்தேன். அந்தச் சத்தியத்தைக் காட்ட எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார். "அண்ணே, ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நான் இருக்கேன்" என்றேன். அவர் கண் கலங்கியது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இதைச் சொன்னபோது என் குரலில் எவ்வளவு பெருமை இருந்ததென்று நினைத்தால் கூசுகிறது.

அவருக்காக மெத்தை வைத்த நாற்காலி வாங்கிப் போட்டேன். செவ்வாய், வெள்ளிக்கு மட்டும் மெஷின் பார்க்க மண்டபம் ஊரில் இருந்து ஒரு ஆளை ஏற்பாடு செய்தேன். அவர் இடது கையில், ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. ஒருநாள் காலை எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, அவரையும் பக்கத்தில் நிறுத்தி, அறிவித்தேன். "இனிமே யாரும் அண்ணன்ட்ட கேன் தூக்கச் சொல்லக் கூடாது. அவரு உடம்பு இப்படி இப்படி ஆயிருச்சு. அவருக்கு நம்மதான் எல்லாம்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து பையன்கள் அவர் டிபன் பாக்ஸில் கைவைத்து எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தொத்து வியாதி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்திவிட்டார்கள்.

நான் வெளியே போனால் கதை வேறு. சேது அவசரத்தில், "அண்ணே, ஒரு கை" என்று குரல் கொடுப்பான். அவர் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு பக்கம் பிடிப்பார். இடது கைதான் அந்தப் பக்கம் தோதாக இருக்கும். இதை ஒருநாள் நானே பார்த்துவிட்டு, சேதுவைப் பிடித்துக் கத்தினேன். "ஏலே, ஒனக்கு அறிவு இருக்கா?" அவன் பாவம், "முடியுமாண்ணேன்னு கேட்டுட்டுத்தான் கூப்பிட்டேன் பாய்" என்றான். அவர் நடுவில் வந்து, "நான்தான் பாய் பிடிச்சேன், அவன் மேல தப்பில்ல" என்றார்.

அந்தக் கையைத் தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். என் மகள் ஒருநாள் பயந்து பயந்து தொட்டுப் பார்த்தாள். "உள்ள மோட்டார் ஓடுது பாப்பா. நம்ம கம்பெனி மோட்டாரு நின்னாலும் இது நிக்காது" என்றார். அவள் அதிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கையைத் தொட்டு, "ஓடுது" என்று எனக்குச் சொல்லுவாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தண்ணீர். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோற்றில் ஊற்றும் ரசமும் டீயும் மாத்திரைக்குக் குடிப்பதும் எல்லாம் அதற்குள். நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் அவர். காலையில் அதே போல ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடுவார். "சரியா இருக்கு பாய்" என்பார். பிறகு மூலையில் போய்த் துப்பிவிட்டு வருவார். துப்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக வாயில் வைத்திருப்பார். நான் அந்த நேரத்தில் வேறு எங்காவது பார்ப்பேன். வேறு வேலை கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "அண்ணே, சிரமமா இருந்தா நீங்க ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்களேன்" என்றேன். "இதுல என்ன சிரமம் பாய்? பழகிருச்சு" என்றார்.

அந்த வருடம் ரமலான் நல்ல வெயிலில் வந்தது. நான் நோன்பு. மத்தியானம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏதோ பெரிய தோழமை காட்டுவதாக நினைத்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தாகம்ண்ணே" என்றேன்.

"ஆமா பாய்" என்றார். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், "ஒங்களுக்குச் சாயங்காலம் மக்ரிபுக்குப் பாங்கு சொல்லிருவாங்க" என்றார்.

அதற்குமேல் அங்கே உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்த ரமலானில்தான் நாங்கள் அவருக்குப் பெரிய உபகாரம் செய்தோம். கம்பெனியில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் நோன்புக் கஞ்சி கொடுப்பது எங்கள் வழக்கம். அவருக்கு மட்டும் என் மனைவி தனிக் கவனிப்பு வைத்தாள். கஞ்சியோடு பேரீச்சம்பழம், பெரிய பெரிய பழமாக, என் மச்சான் கொண்டு வந்தது. கூடவே தினம் ஒரு இளநீர், அந்த அரை லிட்டர் கணக்குக்குள்ளேயே. "சூட்டு உடம்பு, எளநி குடிச்சா கிட்னிக்கு நல்லது. பேரீச்சம்பழம் ரத்தம் ஊறும்" என்று சொல்லிச் சொல்லி அனுப்புவாள். அவர் என் முன்னாலேயே பழத்தைத் தின்று, இளநீரைக் குடித்து, "அக்காட்ட நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க பாய்" என்பார். எனக்கும் மனசு குளிரும்.

ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் அவருக்குக் கால் எழும்பவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. ஆஸ்பத்திரியில் உடனே மெஷினில் போட்டார்கள். நான் போனபோது நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரு என்னதான் சாப்பிட்டாரு? பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருக்கு. கேட்டா ஒண்ணும் சாப்பிடலங்கிறாரு. பழம், எளநி ஏதும் குடுத்தீங்களா?" என்று கேட்டார். கிட்னி போனவர்களுக்கு இளநீரும் பேரீச்சம்பழமும் விஷம் மாதிரி என்பதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். அவருக்கு அது முதல் மாதமே தெரியும். எது கூடாது என்று எழுதிக் கொடுத்த தாளை அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார்.

"தெரிஞ்சே ஏண்ணே சாப்பிட்டீங்க?"

"அக்கா அவ்வளவு ஆசையா குடுத்து விட்டாங்க பாய். நோன்பு நாள்ல வேணாங்கலாமா?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அப்படியே சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "நானாங்க கொல்லப் பாத்தேன்? யா அல்லாஹ், நானா?"

அந்தத் தாளைப் பெரிதாக எழுதி மெஷின் ரூம் சுவரில் ஒட்டினேன். அவர் தினம் அதன் மேல் இருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

நான் யாரிடமும் அதிகாரமாகச் சொல்லி வேலை வாங்கும் ஆள் இல்லை. கேட்டுத்தான் செய்வேன். என்னிடம் பதினோரு வருடம் ஒருத்தனும் முடியுமா என்று கேட்டதில்லை. அதனால் முடியுமா என்று கேட்பதே ஒரு மனிதனுக்குச் செய்யும் பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன். தை அமாவாசை வந்தது, அந்த நினைப்பிலும் மண் விழுந்தது.

அமாவாசை அந்த முறை சனிக்கிழமை. ராமேஸ்வரத்தில் கூட்டம் அலைமோதும். லாட்ஜுக்காரர்கள் எல்லாம் இருமடங்கு கேன் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க மெஷின் ஓடினால்தான் ஆகும். மண்டபத்து ஆள் தங்கச்சி கல்யாணம் என்று போய்விட்டான். வியாழக்கிழமை மத்தியானம் அவரைக் கூப்பிட்டு, உட்கார வைத்துக் கேட்டேன்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் மெஷின் பாக்க முடியுமா? முடியலன்னா தாராளமாச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். லாட்ஜுக்காரங்கள்ட்ட நான் பேசிக்கிறேன்."

"செஞ்சுருவோம் பாய்."

"வெள்ளிக்கிழமையாச்சே. ஆஸ்பத்திரி?"

"சனிக்கெழமைக்கு மாத்திக்கிட்டேன் பாய்."

எப்போது மாற்றினார்? நான் கேட்டே அரை நிமிடம்தான் ஆகியிருந்தது. அதைக் கவனிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. கவனிக்காதது போல இருந்துகொள்கிற அளவுக்குத் தேவையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து மாலைவரை மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சனிக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், முன்னால் சொல்லாமல் போனவருக்குக் கட்டில் எங்கே காலியாக இருக்கும்? எல்லாக் கட்டிலிலும் அவரைப் போலவே ஒருத்தர் இருப்பாரே. காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தனக்கு அவசரம் என்று சொல்லவில்லை. அடுத்தவருக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. நெஞ்சில் நீர் கோத்து, உட்கார்ந்த மேனிக்கே மூச்சுக்குத் திணறினார். ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். பிழைத்தது மறுபிழைப்பு.

வார்டுக்கு வெளியே அவர் மனைவி என்னிடம் வந்தார். அதிகம் பேசாத பெண். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"ஒங்க மேல குத்தம் சொல்ல வரல பாய். ஒங்களாலதான் எங்க குடும்பம் நிக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவர்ட்ட முடியுமான்னு மட்டும் கேக்காதீங்க."

"முடியலன்னா சொல்லச் சொல்லித்தானம்மா கேட்டேன்."

"நீங்க அப்படித்தான் கேப்பீங்க. கேக்குறது நீங்க, மொதலாளி. அவரு எப்படிச் சொல்லுவாரு? வீட்டுலயே எங்கிட்டச் சொல்ல மாட்டாரு."

அந்த வளைகுடா மேனேஜர் என்னை அதட்டினான். அவனைத் திட்டிக்கொண்டே உயிரோடு வந்து சேர்ந்தேன். அன்பாகக் கேட்கிற முதலாளியைத் திட்டவும் முடியாதே, இவர் என்ன செய்வார்?

அவர் திரும்ப வந்த பிறகு நான் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேன். மெஷினை வேறு ஆளிடம் கொடுத்தேன். போன் எடுக்கிற வேலையையும் கொடுக்கவில்லை, போனில் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களே. யாராவது வாசலில் வந்து, "அண்ணே, ரெண்டு கேன்" என்றால் அவர் நாற்காலியில் இருந்து எழுவார். நான் உள்ளே இருந்து, "நீங்க உக்காருங்கண்ணே" என்று கத்துவேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கத்தியிருப்பேன். சேது அதை அப்படியே என் குரலில் பேசிக் காட்டிப் பையன்களைச் சிரிக்க வைப்பான். அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நேரத்துக்கு வருவார், அந்த மெத்தை நாற்காலியில் சாயங்காலம் வரை இருப்பார், போவார். காலைத் தண்ணீரை வாய் வைத்துப் பார்க்கவும் விடவில்லை. மீட்டர் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன்.

ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "பாய், எதாச்சும் சொல்லுங்களேன்."

"சும்மா இருங்கண்ணே. அதான் இப்ப ஒங்க வேலை."

ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அதைப் பார்த்த பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியதென்றால், இங்கே வந்து உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு வருத்தம், வீட்டில் இருந்தால் நிம்மதியாக இருப்பார் என்று. அடுத்த வாரமே சொல்லிவிட்டேன். "வீட்டுலயே இருங்கண்ணே. சம்பளம் மாசாமாசம் வந்துரும்." எவன் செய்வான் இப்படி என்று அப்போதும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அவர் மெஷின் ரூம் சாவியை மேஜை மேல் வைத்தார். அது அவரிடம்தான் இன்னும் இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன்.

மூன்றாம் மாதம் சம்பளத்தைக் கொண்டு போன சேது அப்படியே திரும்பி வந்தான். நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவிதான் இருந்தார். "வேணாம்னு சொல்லச் சொன்னாரு பாய். ஒங்ககிட்ட நேர்ல சொல்ல அவருக்கு வாய் வராது. வேற வேலைக்குப் போயிட்டாரு."

"இந்த ஒடம்போடயா? எங்க?"

"எங்கன்னு சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அங்கன இவருக்கு ஒடம்பு சரியில்லன்னு யாருக்கும் தெரியாதாம். அதான் நல்லா இருக்குங்கிறாரு." சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவை ராமேஸ்வரத்திலேயே தொழுதுவிட்டு, அங்கே புதிதாகத் திறந்த ஒரு லாட்ஜுக்குக் கேன் போடுவது பற்றிப் பேச என் காரில் போயிருந்தேன். மேனேஜர் நல்ல மாதிரி. தினமும் போடுவது என்று பேசி முடித்தோம். எழுந்திருக்கும்போது கண்ணாடிக் கதவு வழியாக வாசலைப் பார்த்தேன். வடக்கத்தி யாத்திரைக்காரர்களின் வேன் ஒன்று உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. வெயிலில் விசில் ஊதி அதை ஒதுக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன், அவர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். முகம் உப்பியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு அவர் இருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரிக் கட்டில்.

நான் அவரைப் பார்ப்பதைப் பார்த்து மேனேஜர் சொன்னார். "தங்கமான மனுசன் பாய். எது சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டாரு. முந்தி செவ்வா, வெள்ளி சொந்த வேலை இருக்குன்னு போயிருவாரு. சீசன் நேரமாச்சே, வெள்ளிக்கிழமை மட்டும் இருக்க முடியுமான்னு கேட்டேன். ஒடனே சரின்னுட்டாரு. கட்டாயப்படுத்தலாம் இல்ல, கேட்டுத்தான் செஞ்சேன்."

அந்த மேனேஜர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்?

வெளியே வந்தேன். மேனேஜரும் வழியனுப்பப் படிவரை வந்து நின்றார். வாசலில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார். விசில் கையிலேயே நின்றது. மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை லேசாக, மிக லேசாக, இரண்டு பக்கமும் ஆட்டினார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் நேராக வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினேன். வண்டியைப் பின்னால் எடுக்க வழி காட்டுவதற்காக அவர் பக்கத்தில் வந்தார். மூச்சு வாங்குவது கேட்டது.

"அண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"வெள்ளிக்கெழமைன்னா கூட்டம் வரும் சார்" என்றார் சத்தமாக. "வண்டிய எடுங்க, பின்னால வேன் நிக்குது. வாங்க, வாங்க, ரைட்டுல ஒடிங்க."

அவர் சொன்னபடியே ஒடித்து, அவர் சொன்னபடியே பின்னால் எடுத்து, ரோட்டுக்கு வந்தேன்.

பாம்பன் பாலத்தில் எல்லாரும் நிறுத்துவது போல நானும் ஓரமாக நிறுத்தினேன். மற்றவர்கள் கடலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜரிடம் சொன்னால் இந்த வேலை போய்விடும். எனக்குத் தெரியாத இன்னொரு வாசலில் போய் நிற்பார், அங்கே நான் பார்க்கவும் மாட்டேன். சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளியும் இங்கேயே நிற்பார். எத்தனை வெள்ளி தாங்கும் அந்த உடம்பு? எது உதவி என்று நானாக முடிவு செய்த ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கெடுதல்தான் நடந்திருக்கிறது. அதற்காகப் பேசாமல் போவதா? மேனேஜர் நம்பரை அழுத்தினேன்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். "சொல்லுங்க பாய். எதையும் மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்களா?"

வாட்ச்மேன் என்ற சொல் தொண்டைவரை வந்தது. போனில் அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது, அண்ணன் யாருக்கோ வழி சொல்வதும் கேட்டது.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். "காலையில எத்தனை கேன் அனுப்பன்னு கேக்க மறந்துட்டேன்."